கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு ரத்தக்குழாய்

வெள்ளானூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க ஆயாவுக்கு மார்புல இருந்த கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. மூணு வருஷம் நல்லாத்தான் இருந்தாங்க. இப்ப முதுகெலும்புல வந்திருக்குன்னு சொல்றாங்க. எடுத்துட்ட கட்டி எப்படி சார் முதுகுக்குப் போச்சு?"

பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வியை அந்தப் பெண் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். அங்கே இருந்த பத்து நிமிஷத்தில் நான் சொன்னது போதாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். கேன்சர் பரவுகிறது என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சில பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். சளி, காய்ச்சல் போல அது ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றாது. ஆயாவின் மடியில் படுத்துக்கொள்ளலாம், அவர் தட்டில் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. அவருடைய உடம்புக்குள்ளேயே ஓரிடத்தில் இருந்த கேன்சர் செல் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மருத்துவர்கள் இதை மெட்டாஸ்டாசிஸ் என்பார்கள். கேன்சரால் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் வந்த கட்டியால் இறப்பதில்லை, இந்தப் பரவலால்தான் இறக்கிறார்கள்.

அந்தப் பயணம் எப்படி நடக்கிறது? கட்டியிலிருந்து ஒரு செல் கழன்றுகொள்ள வேண்டும். அக்கம்பக்கத்துத் திசுவைக் குடைந்துகொண்டு ஒரு ரத்தக்குழாயை எட்ட வேண்டும். குழாயின் சுவரில் இரண்டு செல்களுக்கு நடுவே நுழைந்து உள்ளே விழ வேண்டும். ரத்தம் ஓடும் வேகத்தில் சிதையாமல், நம்முடைய காவல் செல்களிடம் அகப்படாமல் போக வேண்டும். எங்கோ ஒரு தந்துகியில், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாயில் நின்று, மறுபடியும் சுவரைத் தாண்டி வெளியே வந்து, பழக்கமில்லாத இடத்தில் பிழைத்துப் பெருக வேண்டும். ஐசையா ஃபிட்லர் என்ற ஆராய்ச்சியாளர், கதிரியக்க அடையாளம் இட்ட கேன்சர் செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்தி, அவை என்ன ஆகின்றன என்று எண்ணிப் பார்த்தார். 1970-இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரே நாளில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட உயிரோடு மிஞ்சவில்லை. புதுக் கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் தெம்பு தரும். கேன்சர் செல்லுக்கு இந்தப் பயணம் மிகக் கஷ்டமானது. அத்தனை படிகளில் ஏதாவது ஒன்றில் நாம் குறுக்கே நின்றால் போதும், பயணம் முடிந்துவிடும். ஆனால் எந்தப் படியில் நிற்பது? அதற்கு முதலில் பயணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதுதான் முடியாமல் இருந்தது. 1869-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், கேன்சரில் இறந்துபோன ஒருவரின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, கட்டியில் இருந்த செல்களைப் போன்றே சில செல்கள் ரத்தத்திலும் இருப்பதைக் கண்டார். 1889-இல் லண்டனில் ஸ்டீபன் பேஜெட், மார்பகக் கேன்சரில் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டினார். சில உறுப்புகளில் மட்டும் புதுக் கட்டிகள் அதிகம் இருந்தன, சிலவற்றில் மிகக் குறைவு. ரத்தம் எல்லா இடத்துக்கும்தான் போகிறது, பிறகு ஏன் இந்த வேறுபாடு? விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். இருவரும் பயணம் முடிந்த பிறகு மிஞ்சிய தடயங்களைத்தான் பார்த்தார்கள். நடக்கும்போது பார்க்கவில்லை.

இன்றைக்கு ஸ்கேன் இருக்கிறதே என்பீர்கள். ஸ்கேனில் ஒரு கட்டி தெரிய வேண்டுமானால் அது சில மில்லிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். அதற்குள் அதில் லட்சக்கணக்கான செல்கள் சேர்ந்திருக்கும். தனியாகக் கிளம்பிய ஒற்றைச் செல் எந்த ஸ்கேனிலும் தெரியாது. அந்தப் பெண்ணின் ஆயாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், அதற்கு முன்பே ஒன்றிரண்டு செல்கள் கிளம்பிப் போயிருக்கலாம்.

எலியில் பார்க்கலாம் என்றால், எலியின் உடம்புக்குள்ளும் எளிதில் எட்டிப் பார்க்க முடியாது, எலியின் செல் மனிதச் செல்லும் இல்லை. ஆய்வகத் தட்டில் மனிதச் செல்களை வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் தட்டில் செல்கள் தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். அங்கே ரத்தக்குழாயும் இல்லை, ஓட்டமும் இல்லை.

இந்த இடத்தில்தான் மைக்ரோஃப்ளூயிடிக் சிப் வருகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு அழிரப்பர் அளவுக்கு, கண்ணாடி போலத் தெளிவான ரப்பர்த் துண்டு. அதற்குள் தலைமுடிப் பருமனுக்குக் கால்வாய்கள். அந்தக் கால்வாய்களில் தண்ணீரோ, மருந்தோ, உயிருள்ள செல்களோ ஓடும். முழுக்கத் தெளிவாக இருப்பதால், அப்படியே மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து உள்ளே நடப்பதைப் படம் பிடிக்கலாம்.

எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் சிப் செய்யும் முறையிலேயே, ஒரு சிலிக்கான் வட்டத்தகட்டின் மேல் ஒளி பட்டால் இறுகும் ஒரு பசையைத் தடவி, ஒளியால் கோடுகள் வரைகிறார்கள். மீதிப் பசையைக் கழுவிவிட்டால் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். இது அச்சு. பிறகு பி.டி.எம்.எஸ். என்கிற சிலிக்கோன் திரவம். தேன் போலக் குழகுழவென்று இருக்கும். அதில் 10 பங்குக்கு 1 பங்கு இறுக்கும் திரவம் சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். கலக்கக் கலக்கக் காற்றுக் குமிழ்கள் சேர்ந்து வெள்ளையாகிவிடும். வெற்றிடப் பெட்டிக்குள் வைத்தால் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்து, திரவம் மறுபடி தெளியும். ஒரு குமிழ் தங்கினாலும் கால்வாய் கெட்டுவிடும் என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது. தெளிந்த திரவத்தை அச்சின் மேல் ஊற்றிச் சூட்டடுப்பில் வைத்தால் இறுகி ரப்பராகிறது. கத்தியால் ஓரம் கீறி மெல்ல உரித்து எடுத்தால், அடிப்பக்கத்தில் கால்வாய்கள் பள்ளமாகப் பதிந்திருக்கும். திரவம் உள்ளே போகவும் வெளியே வரவும் துளைகள் போட்டு, ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டிவிட்டால் சிப் தயார். இந்த முறையை 1990-களில் வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ்.

அடுத்தது, அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். நடுக் கால்வாயில் கொலாஜன் கூழ் செலுத்துகிறார்கள். நம் தசைக்கும் தோலுக்கும் உறுதி தருவது இதே கொலாஜன்தான். கூழ் பக்கத்துக் கால்வாய்க்கு வழியாமல் இருக்க வேண்டுமே! சுவர் கட்டினால் செல் கடந்து போக முடியாது. அதனால் வெறும் தூண்களை வரிசையாக நட்டிருப்பார்கள். தூண்களுக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் கூழ் வழியாது. காரணம் பரப்பு இழுவிசை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் இரண்டு கண்ணாடி ஸ்லைடுகள் கேட்டு வாங்குங்கள். ஒன்றன் மேல் ஒன்று வைத்து, ஒரு நீள ஓரத்தில் மட்டும் நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகி, மறு ஓரம் ஒட்டியிருக்கும்படி ரப்பர் பேண்ட் போடுங்கள். மை கலந்த தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி அதில் நிமிர்த்தி வையுங்கள். தீக்குச்சி இருக்கும் பக்கம் தண்ணீர் கொஞ்சம்தான் ஏறும். இடைவெளி குறையக் குறைய உயரும். ஒட்டிய ஓரத்தில் கடகடவென்று மேலே போய் ஓர் அழகான வளைகோடு வரைந்துவிடும். இடம் சிறுத்தால் புவியீர்ப்பின் கை தாழ்ந்து பரப்பு இழுவிசையின் கை ஓங்கும். சிப்பில் கூழைப் பிடித்து நிறுத்துவதும் இந்த விசைதான்.

கூழ் இறுகியதும், பக்கத்துக் கால்வாயில் மனித ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை விடுகிறார்கள். அவை சுவர்களில் ஒட்டிப் பரவி, ஒன்றோடொன்று நெருங்கி நின்று, குழாய்க்கு உள்பூச்சு பூசிவிடுகின்றன. இப்போது அது ஒரு குட்டி ரத்தக்குழாய். 37 டிகிரி சூட்டில் வைத்து, உணவுத் திரவத்தை ஓடவிடுகிறார்கள். பச்சையாக ஒளிரும்படி மாற்றிய கேன்சர் செல்களைக் கடைசியாக உள்ளே அனுப்பிவிட்டு, மைக்ரோஸ்கோப்பை வைத்துக் காத்திருக்கிறார்கள்.

அப்படிக் காத்திருந்து பார்த்த மூன்று காட்சிகளைச் சொல்கிறேன்.

ரத்தத்தில் கேன்சர் செல்கள் சில சமயம் கொத்தாகப் போகும். ஒரு கேன்சர் செல்லே 15, 20 மைக்ரோமீட்டர் இருக்கும். தந்துகியோ 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். அதனால் கொத்து தந்துகியில் அடைத்துக்கொண்டு நின்றுவிடும், தாண்டிப் போகாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 2016-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் தந்துகி அளவுக் கால்வாய்கள் உள்ள சிப்பில் கொத்துகளை ஓடவிட்டார்கள். பள்ளி விட்டதும் குறுகலான திட்டிக்கதவு வழியே கைகோத்தபடி ஒருவர் பின் ஒருவராக வெளியேறி, ரோட்டுக்கு வந்ததும் மறுபடி கும்பலாகச் சேர்ந்துகொள்ளும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்து அப்படியே செய்தது. பிடியை விடாமல் ஒற்றை வரிசையாக நீண்டு உள்ளே புகுந்து, அந்தப் பக்கம் போனதும் பழையபடி கொத்தானது. 20 செல்கள் வரை உள்ள கொத்துகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இப்படித் தாண்டிவிட்டன. வரிக்குதிரை மீனின் ரத்தக்குழாயிலும் இதையே பார்த்தார்கள். அந்தப் பிடியைத் தளர்த்த மருந்து உண்டா என்று உடனே தேடத் தொடங்கினார்கள். பார்த்ததால்தானே அப்படிக் கேட்கத் தோன்றியது!

இரண்டாவது காட்சி உட்கருவைப் பற்றியது. செல்லின் மற்ற பாகமெல்லாம் எப்படியும் வளைந்து கொடுக்கும். உட்கருதான் கெட்டியானது. செல்லைவிடக் குறுகிய இடுக்கில் நுழையும்போது தலைவலி அதற்குத்தான். 2016-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் யான் லாமர்டிங்கின் குழுவும், பாரிஸில் மத்தியூ பியலின் குழுவும் இரண்டு மைக்ரோமீட்டர் அளவு இடுக்குகள் உள்ள கால்வாய்களில் செல்களை நுழையவிட்டார்கள். உட்கருவுக்குள் ஒளிரும் புரதம் ஒன்றை வைத்திருந்தார்கள். இடுக்கில் நெருக்குண்டபோது உட்கருவின் உறை கிழிந்து, அந்த ஒளி வெளியே கசிந்தது. டி.என்.ஏ.வும் சேதமானது. அதோடு செல் கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? முடியவில்லை. செல் கிழிசலைத் தைத்துக்கொண்டு, ஒளி மறுபடி உட்கருவுக்குள் சேர, தன் வழியே போனது. உறையைத் தைக்கும் வேலையையும் டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் வேலையையும் சேர்த்துத் தடுத்துப் பார்த்தபோது செல்கள் இறந்தன. அப்படியானால் குறுக்கே நிற்க அங்கே ஓர் இடம் இருக்கிறது.

மூன்றாவது, அந்த ஆயாவின் முதுகெலும்புக்கு நேராக வருவது. மார்பகக் கேன்சர் எலும்புக்கு அடிக்கடி போகிறது, தசைக்கு மிக அரிதாகத்தான் போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோஜர் காமின் குழு இரண்டு வகைச் சிப்புகள் செய்தது. ஒன்றில் குட்டி ரத்தக்குழாயைச் சுற்றி எலும்பில் இருக்கும் செல்கள், இன்னொன்றில் தசைச் செல்கள். எலும்புச் சூழலில் கேன்சர் செல்கள் குழாயை விட்டு வெளியே வந்தது அதிகம், தசைச் சூழலில் குறைவு. தசைச் செல்கள் வெளியிடும் அடினோசின் என்ற பொருள் அங்கே காவல் காக்கிறது என்று 2015-இல் எழுதினார்கள். பேஜெட் சொன்ன மண்ணை 126 வருஷம் கழித்துச் சிப்பில் கிளறிப் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளானூரில் வேல் டெக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மெக்கானிக்கல் படிக்கும் அண்ணன் அக்காக்களை ஆவடி பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் உண்டு. சுப்ரா சுரேஷ் என்பவர் 1977-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் பி.டெக். முடித்தவர். உலோகங்கள் எப்படி வளையும், எப்போது உடையும் என்று ஆராய்ந்தவர், அதே கேள்வியைச் செல்களிடம் கேட்கத் தொடங்கினார். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டுமே ஏறக்குறைய 500 கோடி. அதற்குள் திரியும் கேன்சர் செல்கள் விரல்விட்டு எண்ணும் அளவாகக்கூட இருக்கலாம். அவற்றை எப்படிப் பிரிப்பது? 2015-இல் சுரேஷும் அமெரிக்காவில் அவரோடு வேலைசெய்தவர்களும் ஒலியைக் கொண்டு பிரித்தார்கள். கால்வாயின் குறுக்கே சாய்வாக ஒலி அலைகளை அனுப்பினால், பெரிய கேன்சர் செல்கள் அதிகம் தள்ளப்பட்டு ஒரு பக்கம் ஒதுங்கும், சிறிய ரத்த அணுக்கள் தம் போக்கில் போகும். செல்லுக்குக் காயமில்லை, சாயம் பூச வேண்டியதில்லை. அவர்களுக்கு முன்பே, 2007-இல், இந்தியாவிலிருந்து போன சுனிதா நாக்ரத் முதல் ஆசிரியராக எழுதிய ஆய்வில் 78,000 குட்டித் தூண்கள் நட்ட சிப் வந்தது. தூண்களில் பூசிய ஒட்டுப்பொருள் கேன்சர் செல்களைப் பிடித்துக்கொள்ளும். நோயாளிகளிடம் எடுத்த 116 ரத்த மாதிரிகளில் 115-இல் அது கேன்சர் செல்களைப் பிடித்துக் காட்டியது.

நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் மெக்கானிக்கல் துறையில் அஷிஸ் குமார் சென் குழு, செல்களின் அளவையும் மென்மையையும் வைத்து அவற்றைப் பிரிக்கும் கால்வாய்களை உருவாக்கிவருகிறது. அதே ஐ.ஐ.டி.யில் இக்ராம் கான், அனில் பிரபாகர் ஆகியோர் எம்.ஐ.டி.யோடு சேர்ந்து 2021-இல், 3டி பிரிண்டரில் அச்சிட்ட ஒரு சின்ன மைக்ரோஃப்ளூயிடிக் கருவியில் மனித மூளைத் திசுவை 7 நாள் வளர்த்துப் படம் பிடித்தார்கள். அது கேன்சர் சிப் இல்லை. ஆனால் அதன் விலையைப் பாருங்கள், சுமார் 5 டாலர். இந்த ஆராய்ச்சி வசதியான நாடுகளின் சொத்தாகவே இருந்துவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. அந்தச் செய்தியைப் படித்தபோது அது கொஞ்சம் குறைந்தது.

ஐ.ஐ.டி.யிலிருந்து சிறிது தூரத்தில்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. உங்கள் தெருவிலும் யாராவது அங்கே போய் வந்திருப்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்த துயரத்தில் கனவு கண்டு, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. நோயாளியைக் கவனிக்கும் இடமும், சிப்பில் செல்லைப் பார்க்கும் இடமும் ஒரே ஊரில் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது சென்னைக்குக் கிடைத்த பேறு என்று நினைக்கிறேன். 2023 மார்ச்சில் இந்திய அரசும் புது மருந்து விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனையோடு இத்தகைய உறுப்புச் சிப்புகளிலும் மருந்தைச் சோதிக்கலாம் என்று வழிவிட்டிருக்கிறது.

சிப்பால் முடியாதவையும் இருக்கின்றன. பி.டி.எம்.எஸ். ரப்பர் சில மருந்துகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அப்போது செல்லுக்குப் போய்ச் சேர்ந்த மருந்து எவ்வளவு என்று கணக்கு தப்பும். சிப்பில் ஒரு சின்னத் துண்டு ரத்தக்குழாய் இருக்கிறதே தவிர, முழு உடம்பு இல்லை. சிப்பில் வேலை செய்தது என்பதற்காக ஒரு மருந்தை நாளைக்கே ஆயாவுக்குக் கொடுத்துவிட முடியாது. அதற்குப் பிறகு மனிதர்களில் பல வருஷச் சோதனைகள் உண்டு.

இவற்றையெல்லாம்விடக் கடினமான ஒன்று இருக்கிறது. ஆயாவுக்கு மூன்று வருஷம் கழித்து வந்தது என்றாள் அந்தப் பெண். சிலருக்குப் பத்து வருஷம், இருபது வருஷம் கழித்துக்கூட வருகிறது. அதுவரை அந்தச் செல் எலும்பு மஜ்ஜையில் பெருகாமல், சாகாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூங்க வைத்தது எது, ஒரு நாள் எழுப்பிவிட்டது எது? இதைப் பார்க்க வேண்டுமானால் எலும்பு மஜ்ஜையைச் சிப்பில் நீண்ட காலம் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தார் 2020-இல் மனித எலும்பு மஜ்ஜைச் சிப் ஒன்றை 4 வாரங்கள் ஓட்டிக் காட்டினார்கள். 4 வாரத்திலிருந்து 20 வருஷத்துக்கு எப்படிப் போவது, அல்லது 20 வருஷத் தூக்கத்தை 4 வாரத்துக்குள் எப்படிச் சுருக்கிப் பார்ப்பது என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் இப்போது மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம்.